முறிகண்டிப் பக்கம் ஒரு கடை: ரோல்ஸ், சண்டை, கச்சான் பந்தயம்

ஏ9 வீதியில் முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுக் கிளிநொச்சிப் பக்கம் போகிறவர்களுக்கு இது இன்னொரு தேத்தண்ணீர்க் கடைதான். ஞாயிறு காலையில் போய்ப் பாருங்கள். குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த யூஎஃப்சி சண்டை அமெரிக்காவில் சனி இரவு நடக்கும், நமக்கு அப்போதுதான் வரும். வாங்கு முழுக்கப் பெடியள்.

சாப்பாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். மீன் ரோல்ஸ் திறம், உறைப்பு அளவாக இருக்கிறது. பிளேன்ரீக்குச் சீனியை அள்ளிக் கொட்டுகிறார்கள். "அண்ணை, சீனி குறைச்சு" என்று முதலே சொல்லிவிடுங்கள்.

இந்தக் கடையின் விசேஷம் சுவரில் தொங்கும், சண்டைப் பந்தயம் எழுதும் வெள்ளைப் பலகை. காசு வைக்கக் கடைக்கார அண்ணை விடமாட்டார். பந்தயம் கச்சான் பையில்தான். தோற்றவர் வாங்கிக் கொடுக்க வேண்டும், அதுவும் இவரிடமே. யார் வென்றாலும் அவருக்கு வியாபாரம். இணையத்தில் பந்தயம் பிடிக்கிறவர்கள் இதையே மறைவாகச் செய்கிறார்கள். சமபலமான இரண்டு பேருக்கும் 1.90 என்று போட்டிருப்பார்கள், அதாவது வென்றால் வைத்த ஒரு ரூபாய்க்கு 1.90 திரும்பி வரும். இரண்டு பக்கமும் நூறு நூறாக வைத்தால் 200 ரூபாய் போய் 190 திரும்பி வரும். மிச்சம் அவர்களுக்கு.

பலகையில் முதல் நிரல், யார் வெல்வது. ஒருவர் மிகப் பலமானவர் என்றால் எல்லோரும் அவர் பக்கம் சாய்ந்துவிடுவார்கள், சுவாரசியம் போய்விடும். ஆனால் 2022 ஓகஸ்டில் லியோன் எட்வர்ட்ஸ் என்ன செய்தார்? நான்கு ரவுண்டு முடிய மூன்று நடுவர்களும் எதிராளி உஸ்மானுக்கே கூடப் புள்ளி கொடுத்திருந்தார்கள். ஐந்தாவது ரவுண்டில் ஒரு நிமிடம்கூட மிச்சமில்லாத நேரத்தில் தலையில் ஒரு உதை, உஸ்மான் விழுந்தார். அந்தக் கதையை இந்தக் கடையில் இன்னும் விடவில்லை.

எனக்குப் பிடித்தது இரண்டாவது நிரல்: எப்படி முடியும். நாக் அவுட்டா, பிடியில் மாட்டித் தோல்வியை ஒப்புக்கொள்ளும் சப்மிஷனா, கடைசிவரை போய் நடுவர் தீர்ப்பா. அடி தாங்காமல் இருப்பவரைப் பார்த்து ரெஃபரி நிறுத்தினால் அதுவும் நாக் அவுட் கணக்கில்தான். கபீப் 2018இல் மெக்ரெகரை நான்காம் ரவுண்டில் கழுத்தைப் பிடித்து முடித்தது சப்மிஷன். இதில் ஆளைத் தெரிந்தால் போதாது, அவர் எப்படிச் சண்டை பிடிப்பார் என்றும் தெரிய வேண்டும். அதனால் பெடியள் ஃபோனை வைத்துவிட்டுச் சண்டையைப் பார்க்கிறார்கள்.

அடுத்தது இரண்டரை ரவுண்டுக்குக் கூடவா, குறையவா. ரவுண்டு ஐந்து நிமிடம். ஆகவே மூன்றாவது ரவுண்டில் இரண்டரை நிமிடம் தாண்ட வேண்டும். சத்தம் வருவது இங்கேதான். திரையில் மணிக்கூடு ஐந்திலிருந்து கீழே இறங்கும். 2:50 என்று காட்டும்போது சண்டை நின்றால், புதிதாக வந்தவர் "கூட, கூட!" என்று எழும்பிவிடுவார். போனது 2:10தான் தம்பி, இரு என்று அண்ணை தோளில் தட்டி இருத்துவார். தீர்ப்புச் சொல்வதில் ஆள் நேர்மையானவர்.

கடைசி நிரல்தான் எனக்குச் சரிவரவில்லை. மூன்று சண்டையைச் சேர்த்துக் கட்டுவது, மூன்றும் சரிவர வேண்டும். ஒவ்வொன்றும் 1.50 என்றால் ஒன்றுக்கு மூன்றே கால் மடங்குக்கும் மேல் வரும், ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் ஒவ்வொன்றிலும் மூன்றில் இரண்டு வாய்ப்பு இருந்தால்கூட, மூன்றும் சேர்ந்து வருவது பத்துக்கு மூன்று முறைதான். முதல் சண்டையிலேயே ஒன்று பிழைத்தால் அந்தப் பெடியன் மிச்ச நேரம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருப்பான். அண்ணை இந்த நிரலை அழித்தால் நல்லது. அழிக்கமாட்டார், கச்சான் அதில்தான் கூடப் போகிறது.

வாசல் பக்க வாங்கில் இருக்காதீர்கள், வெளிச்சம் பட்டுத் திரை தெரியாது. பெரிய சண்டை தொடங்க முதல் போங்கள். பிறகு போனால் ரோல்ஸ் முடிந்து பணிஸ்தான் இருக்கும்.