மாருதி 800-இல் நானே மாட்டிய பாட்டுப்பெட்டி: நாலு வருஷத்து ஊளை

போன வாரம் மச்சினன் போன் செய்தான். தாண்டிக்குடியில் பழைய ஆம்னி ஒன்றை வாங்கியிருக்கிறான், பாட்டுப்பெட்டி கிடையாது. "மாமா, உங்க வண்டியில நீங்களேதானே மாட்டுனீங்க? நானும் மாட்டிரலாமா? கடையில கூலி மட்டும் ரெண்டாயிரத்து ஐநூறு கேக்குறாங்க."

"நாளைக்குச் சொல்றேன் மாப்ள" என்று வைத்துவிட்டேன். இன்னும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியது போனில் அடங்காது.

2021 நவம்பரில் என்னிடம் கேட்ட கூலி 2,000. அதை மிச்சம் பிடிக்கத்தான் நானே ஸ்க்ரூ டிரைவரைத் தூக்கினேன். அதுவரை நான் செய்திருந்த மின்சார வேலை, கடை ஜெராக்ஸ் மெஷினுக்குப் பிளக் மாற்றியது மட்டும்தான்.

சாமான் கணக்கை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். டேஷ்போர்டில் செருகும் ஒற்றை டின் (DIN) அளவில் ப்ளூடூத் வைத்த ஹெட் யூனிட், அதாவது பாட்டுப்பெட்டி ஒன்று, பின் தட்டுக்கு 6×9 அங்குல ஓவல் ஜோடி, முன் கதவுகளுக்கு 4 அங்குல ஜோடி, ஓவலுக்கு மட்டும் சத்தத்தைப் பெருக்கத் தனியாக ஒரு ரெண்டு சேனல் ஆம்ப், ஒயரிங் கிட். எல்லாம் சேர்த்து பதினோராயிரத்துச் சொச்சம். ஹெட் யூனிட் பெட்டி மேல் 4×50 வாட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அது உச்சக் கணக்கு. தொடர்ந்து கொடுக்கக்கூடியது ஒரு சேனலுக்குப் பதினைந்து, இருபது வாட் அளவுதான். ஓவல் ஸ்பீக்கருக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி, அதனால்தான் ஆம்ப். கம்பெனிப் பெயர்களை எழுதப் போவதில்லை. தப்பில் பாதி என்னுடையது.

முதல் தப்பு முதல் ராத்திரியே. ஹெட் யூனிட்டின் பின்னால் வரும் மஞ்சள் ஒயருக்கு எப்போதும் பேட்டரி இருக்க வேண்டும். கடிகாரமும் ஸ்டேஷன் நினைவும் அதில்தான் நிற்கும். சிவப்பு ஒயருக்குச் சாவியைத் திருப்பினால்தான் கரண்ட் வர வேண்டும். கறுப்பு எர்த். எனக்குச் சாவி லைன் எது என்று கண்டுபிடிக்கத் தெரியவில்லை, டெஸ்ட் லைட்டும் இல்லை. சிவப்பையும் மஞ்சளையும் ஒன்றாக முறுக்கி பேட்டரி லைனில் கொடுத்துவிட்டேன். பாடியது! கொண்டாட்டத்தில் பெட்டியை அணைக்காமலே, சத்தத்தை மட்டும் குறைத்துவிட்டு இறங்கிவிட்டேன். சாவியை எடுத்தாலும் பெட்டி விழித்தே இருந்தது. அது நீல-வெள்ளை ஒயர் வழியாக ஆம்ப்பையும் விழிக்க வைத்தது. 800-இன் பேட்டரி 35 ஆம்பியர்-அவர். கொடைக்கானல் மலையில் எங்கள் பண்ணைக்காட்டு டிசம்பர்க் குளிரில் ரெண்டாவது நாள் காலையில் செல்ஃப் எடுத்தால் 'டிக்' என்று ஒரே சத்தம், அவ்வளவுதான். மலையில் இருப்பதில் ஒரு சௌகரியம், எந்த வீட்டு வாசலும் இறக்கத்தில்தான் இருக்கும். ரெண்டாம் கியரில் போட்டு, கிளட்ச்சை மிதித்து உருட்டி, பட்டென்று விட்டேன். இப்படி ஒரு வாரம் ஓட்டினேன். பக்கத்து வீட்டு அண்ணன் தினமும் காலையில் வெளியே வந்து நின்று பார்ப்பார். ஒருநாளும் தள்ளியதில்லை.

பேஸ் வராத கதையும் உண்டு. ஓவல்களில் ஒன்றுக்குப் பிளஸ் மைனஸ் மாற்றிக் கொடுத்திருந்தேன். ஒரு ஸ்பீக்கரின் கோன் (நடுவில் அதிரும் கூம்பு) வெளியே தள்ளும்போது மற்றது உள்ளே இழுக்கும், அடித்தொண்டைச் சத்தமெல்லாம் ஒன்றையொன்று தின்றுவிடும். ஆறு மாதம் "ஓவல்னு பேருதான், தவில் கேக்கவே இல்லையே" என்று ஸ்பீக்கரைத் திட்டிக்கொண்டிருந்தேன். டார்ச் பேட்டரி ஒன்றை எடுத்து ஸ்பீக்கர் ஒயரில் ஒரு நொடி தொட்டால் தெரிந்துவிடும்: பிளஸ்ஸுக்குப் பிளஸ் என்றால் கோன் வெளியே எழும். பத்து ரூபாய் பேட்டரி. ஆறு மாதம்.

சரி, இதெல்லாம் தீர்ந்தது. தீராதது ஊளை.

என்ஜின் நிற்கும்போது பாட்டு சுத்தம். ஸ்டார்ட் செய்தால் பின் ஸ்பீக்கர் ரெண்டிலும் மெலிதாக ஒரு 'ஙீ'. ஆக்சிலரேட்டரை மிதித்தால் அது ஏறும், விட்டால் இறங்கும். என்ஜின் சுழற்றும் ஆல்டர்நேட்டர் தயாரிப்பது மாறுமின்சாரம். அதை டையோடு வழியாக நேர்மின்சாரம் ஆக்கித்தான் பேட்டரிக்கு அனுப்புகிறார்கள். முழுக்கச் சமமாகாமல் ஒரு சிற்றலை மிச்சம் இருக்கும். அந்த அலை பாட்டுப் பாதையில் புகுந்துவிட்டால் என்ஜின் வேகத்துக்கு ஏற்ப ஊளை கேட்கும். சமவெளியில் இருப்பவனுக்கு இது பெரிய தொல்லை இல்லை. நாலாம் கியரில் ஒரே வேகத்தில் போனால் ஊளையும் ஒரே சுருதியில் நிற்கும், காது மறந்துவிடும். நான் ஓட்டுவது வத்தலக்குண்டு மலைப்பாதை. வாரம் ஒருமுறை கடைச் சரக்குக்கு இறங்கி ஏற வேண்டும். காமக்காபட்டி சோதனைச்சாவடி தாண்டியதும் தொடங்கும்: ரெண்டு, மூணு, ரெண்டு, கொண்டை ஊசியில் ஒண்ணு, மறுபடி ரெண்டு. ஒவ்வொரு கியருக்கும் ஊளை அடிவயிற்றிலிருந்து உச்சந்தலைக்கு ஏறி, பொத்தென்று விழுந்து, மறுபடி ஏறும். டம்டம் பாறை ஏற்றத்தில் ஒரு வயலின் மெதுவாக மேலே போகிற இடம் வரும். கூடவே இதுவும் போகும், அரைச் சுருதி தள்ளி. வீட்டுக்காரி முதல் தடவை கேட்டுவிட்டுக் கண்ணாடியை இறக்கினாள். "கொசு பூந்துருச்சு."

நாலு வருஷத்தில் அதற்கு நான் பார்த்த வைத்தியங்கள் தனி.

முதலில் சொன்னார்கள், பவர் ஒயரும், பெட்டியிலிருந்து ஆம்ப்புக்குப் பாட்டைக் கொண்டுபோகும் ஆர்சிஏ ஒயரும் பக்கத்துப் பக்கத்தில் ஓடினால் இப்படி வரும் என்று. உண்மைதான், நான் ரெண்டையும் ஒரே பக்கம் மிதியடிக்குக் கீழே கட்டுக்கட்டி விட்டிருந்தேன். ஒரு ஞாயிறு முழுக்க சீட்டைக் கழற்றி, பவரை டிரைவர் பக்கமும் ஆர்சிஏயை மறுபக்கமும் பிரித்தேன். அப்போதுதான் கிட்டில் வந்த பவர் ஒயரை வெட்டிப் பார்த்தேன்: மேலே செம்பு நிறம், சுரண்டினால் உள்ளே வெள்ளை. செம்பு முலாம் பூசிய அலுமினியம். அதை எறிந்துவிட்டு அசல் செம்பு ஒயர் வாங்கியது 900. பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும் என்பதையும் அன்றுதான் சரி செய்தேன். ஊளை குறைந்ததா? இல்லை.

அப்புறம் எர்த். ஆம்ப்பின் எர்த்தை சீட் அடியில் ஒரு போல்ட்டில் முறுக்கியிருந்தேன், பெயிண்ட்டுக்கு மேலேயே. உப்புத்தாள் போட்டு வெள்ளைத் தகடு தெரியும்வரை தேய்த்து, வளையம் வைத்து இறுக்கினேன். ஊளை கொஞ்சம் மெலிந்தது. அந்த வாரம் முழுக்க நான் ஒரு ஞானி. அடுத்த மழையில் பழையபடி.

மூன்றாவது, கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் என்று ஒரு சின்ன டப்பா, 450 ரூபாய். ஆர்சிஏ வழியில் மாட்டினால் போதும், ஊளை சுத்தமாக நின்றது. கூடவே தவிலும் நின்றது. உள்ளே இருக்கும் குட்டி டிரான்ஸ்ஃபார்மர் அடிச்சத்தத்தைக் கடித்துவிடும், மலிவுச் சரக்கில் இன்னும் மோசம். கோயில் கொட்டுக்குப் பதில் தகர டப்பா. ரெண்டு மாதம் பொறுத்தேன். பிடுங்கிவிட்டு ஊளையோடே குடித்தனம் நடத்தினேன்.

இதில் ஒரு விசித்திரம். 800-இல் என்ஜின் சுற்றைக் காட்டும் மீட்டர் கிடையாது. பாட்டு சத்தமாக ஓடினால் என்ஜின் முக்குவதும் காதில் விழாது. ஊளைதான் எனக்கு அந்த மீட்டர். எந்தச் சுருதிக்கு வந்தால் மூணாம் கியர், எங்கே தணிந்தால் ரெண்டுக்கு இறக்க வேண்டும் என்று காலுக்கே பழகிவிட்டது. இதைப் போய் யாரிடம் பெருமையாகச் சொல்வது?

நன்றாக இருந்ததையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அநியாயம். கொடைக்கானல் பண்பலை, 100.5. மதுரை, திண்டுக்கல், தேனிப் பக்கமெல்லாம் கேட்கிற ஸ்டேஷன், கோபுரம் இருப்பதோ எங்கள் மலை மேலேயே. ஆனால் பண்பலை அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகிற சங்கதி, நடுவில் மலைமுகடு மறித்தால் தடுமாறும். எட்டத்தில் இருக்கும் வத்தலக்குண்டில் கணீரென்று கேட்பது, கோபுரத்துக்குக் கிட்டத்தில் இருக்கும் சில வளைவுகளில் இரைச்சலாகும். முதல் மாதம் எல்லா இடத்திலும் இரைச்சல்தான். மலை மேல் பழி போட்டேன். ஆன்டெனா பிளக் பாதிதான் உள்ளே போயிருந்தது. அழுத்தித் தள்ளியதும் அது வேறு பெட்டி! ஊத்து என்கிற ஊரில் பண்ணைக்காட்டுப் பிரிவில் திரும்பும்போது ஒரு வளைவில் பாட்டு காணாமல் போய், அடுத்த வளைவில் அதே வரியின் கடைசிச் சொல்லோடு வந்து சேரும். போனில் நூறு பாட்டு இருந்தாலும் அந்த இடத்தில் நான் ரேடியோதான் வைப்பேன். விடுபட்ட சொல்லை நாமே பாடி நிரப்ப வேண்டும், அதில் ஒரு சுகம்.

இறங்கும்போது காது அடைக்கும் விஷயத்தை எந்தக் கடைக்காரரும் சொல்லமாட்டார். மேலே 12-இல் வைத்த சத்தம் கீழே வர வர மங்கும், கை தன்னால் 16, 18 என்று ஏற்றும். காமக்காபட்டியில் எச்சில் முழுங்கியதும் காது 'பொக்'கென்று திறக்கும். வண்டிக்குள் திருவிழா. சோதனைச்சாவடியில் நிற்கிறவர்கள் என்னைப் பார்க்கும் பார்வை இருக்கிறதே! இன்னொன்றும் உண்டு: கொண்டை ஊசியில் எதிரே வரும் பஸ்ஸின் ஹாரன் காதில் விழ வேண்டும். அந்தச் சின்ன மியூட் பட்டனைக் கண்ணால் தேடாமல் விரல் கண்டுபிடிக்க எனக்கு மூன்று மாதம் ஆனது. மலைப்பாதைக்குப் பெட்டி வாங்குகிறவர்கள் பெரிய உருட்டுக் குமிழ் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மற்ற வசதியெல்லாம் அப்புறம்.

இனி ஊளையின் முடிவு. போன மாதம் வத்தலக்குண்டில் ஒரு வயதான எலெக்ட்ரீஷியன், லாரி வேலை பார்ப்பவர். ஹார்ன் ரிலே மாற்றப் போனேன். ஊளையைக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "பெட்டி ஆன்ல இருக்கும்போது இந்த ஆர்சிஏ பின்னைப் புடுங்கிச் சொருகினீங்களா தம்பி?" எத்தனை தடவை! மாட்டிய நாளிலிருந்தே, வைத்தியம் பார்த்த ஒவ்வொரு ஞாயிறும். சில ஹெட் யூனிட்களில் ஆர்சிஏயின் வெளிவளையம் எர்த்துக்குப் போகிற பாதையில் கடுகு அளவு ஃபியூஸ் இருக்கும். மின்சாரம் ஓடும்போது பிடுங்கிச் சொருகினால் அது போய்விடும். பெட்டி பாடும், ஊளையும் சேர்ந்து பாடும். மல்டிமீட்டரின் ஒரு முனையை வளையத்தில், மறு முனையை ஹெட் யூனிட் உடம்பில் வைத்தார். 'பீப்' வரவில்லை. ஒரு சாண் செம்புக் கம்பியை வளையத்தைச் சுற்றி முறுக்கி, மறுநுனியைப் பெட்டியின் ஸ்க்ரூவில் கொடுத்தார். ஸ்டார்ட் செய்யச் சொன்னார்.

ஒன்றுமில்லை. மிதித்தேன். ஒன்றுமில்லை. பாட்டு மட்டும்.

"எவ்வளவுண்ணே?" என்றேன். ரிலேக்கு மட்டும் வாங்கிக்கொண்டார். அன்று ஏறும்போது டம்டம் பாறைக்கு முன்னால் ரெண்டு இடத்தில் கியர் தப்பி வண்டி முக்கியது. வயலின் தனியாகப் போனது.

இப்போது மச்சினனுக்குப் பதில். கணக்குப் பார்த்தேன்: ஒயர் 900, ஐசோலேட்டர் 450, அதோடு கதவு ஸ்பீக்கர் ஜோடி 1,300. அந்தக் கடைசிக் கதை என்னவென்றால், முன் கதவுக்குள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை, ஸ்பீக்கருக்கு இடைஞ்சல் என்று கிழித்துப் போட்டிருந்தேன். கண்ணாடி வழியாகக் கதவுக்குள் இறங்கும் மழைத்தண்ணீர் உள் பக்கம் வராமல் காப்பதே அந்தத் தாள்தான். ஐப்பசி மழை ரெண்டு பார்த்ததும் காந்தம் துருப்பிடித்து, கோன் ஊறி அப்பளமானது. ஆக மொத்தம் 2,650. மிச்சம் பிடித்தது 2,000.

ஆனாலும் எந்த ஒயர் எங்கே போகிறது என்று இருட்டில் கேட்டாலும் சொல்வேன். ஓவல் ரெண்டும் இன்றைக்கும் உறுமுகின்றன, ஹெட் யூனிட் ஒருநாள்கூட மக்கர் செய்ததில்லை, ஆம்ப் சூடானதில்லை. இந்த விலைக்கு இதைவிட நல்ல சத்தம் கிடைக்குமா என்றால் கிடைக்காது. மார்க் போடச் சொன்னால் பத்துக்கு எட்டு போடுவேன்.

இருந்தாலும் மாப்ள, கடையிலேயே கொடுத்துவிடு. நேற்று ராத்திரி முழுக்க மழை. காலையில் கடைக்குக் கிளம்பி ரேடியோவைப் போட்டால், புதிதாய் மாட்டிய இடது கதவு ஸ்பீக்கர் கரகரக்கிறது. தாளுக்குப் பதிலாக நான் ஒட்டிய உரச்சாக்கு பிய்ந்திருக்கும் என்று நினைக்கிறேன். மழை விட்டதும் கதவைப் பிரிக்க வேண்டும்.