செராமிக் கோட்டிங் கல்லடியைத் தாங்குமா? மூன்று வருஷத்துக்குப் பிறகு

மைத்துனன் புதுக் கார் புக் செய்திருக்கிறான். "செராமிக் கோட்டிங் போட்டுடவா மாமா, கல்லு பட்டா தாங்குமாமே" என்று நேற்று கேட்டான். அன்றைக்குத்தான் நான் பானெட்டுக்கு மறுபடி பெயிண்ட் அடித்து வண்டியை எடுத்து வந்திருந்தேன்.

தாங்காது. கார் பெயிண்டின் மேல் திரவமாகப் பூசிக் காயவைக்கிற மெல்லிய பாதுகாப்புப் பூச்சுதான் அது, என் வண்டிக்கும் மூன்று வருஷம் முன்பு போட்டேன். தாம்பரத்திலிருந்து தினமும் ஒரகடம் போகிறேன், வண்டலூர் வாலாஜாபாத் ரோட்டில் ஜல்லி லாரிகளுக்கு நடுவில்தான் ஓட்டியாக வேண்டும். லாரி தார்ப்பாய் கட்டியிருந்தாலும், ரோட்டில் ஏற்கெனவே சிந்திக் கிடப்பது முன்னால் போகிற டயரில் சிக்கித் தெறிக்கும். கோட்டிங் போட்ட நாலாவது மாதமே பானெட்டின் முன் விளிம்பில் கடுகளவு ஒரு புள்ளி, நகத்தால் தடவினால் குழி தட்டுப்பட்டது. சின்னதுதானே என்று டச் அப் செய்யாமல் விட்டது என் தப்பு. அடி தகடு வரை போயிருக்கிறது, மழைக்காலம் முடிவதற்குள் புள்ளி பழுப்பாகி, சுற்றிலும் பெயிண்ட் உப்பிவிட்டது. கடைசியாக எண்ணியபோது அப்படிப் பதினேழு.

போடும்போது "9எச் சார், கல்லே பட்டாலும் ஒண்ணும் ஆகாது" என்ற அதே ஆள், இப்போது கல்லடிக்கு வாரண்டி இல்லை என்கிறார். 9எச் என்பது பென்சில் முனையால் கீறிப் பார்க்கிற சோதனையில் வருகிற கடினத்தன்மை அளவு. வேகத்தில் வந்து மோதுகிற ஜல்லிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? கம்பெனி பெயிண்ட் மொத்தமே சுமார் 100 மைக்ரான், அதன்மேல் இந்தக் கோட்டிங் ஓரிரண்டு மைக்ரான் இருந்தால் அதிகம். அடியை வாங்கிக்கொள்ள மெத்தென்று ஒரு தடிமன் வேண்டும். பிபிஎஃப் (பெயிண்ட் புரொடெக்ஷன் ஃபிலிம்) என்று பெயிண்டின் மேல் ஒட்டுகிற ஒளிபுகும் பிளாஸ்டிக் படலம் 150 முதல் 200 மைக்ரான் வரை வரும், அதனால்தான் சின்னக் கல்லையாவது அது தாங்குகிறது.

மற்றபடி கோட்டிங்கைக் குறை சொல்ல மனசு வரவில்லை. வண்டி நிற்பது தூங்குமூஞ்சி மரத்தடியில், காக்கா எச்சத்துக்குப் பஞ்சமில்லை. பழைய வண்டியில் அது வட்ட வட்டமாகத் தழும்பு போட்டுவிட்டது; இதில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினால் வழுக்கிக்கொண்டு போகிறது. மழையில் தண்ணீர் முத்து முத்தாக உருளுவதைப் பார்க்க இன்னமும் பால்கனிக்கு வந்து நிற்கிறேன். போர் தண்ணீரில் கழுவிவிட்டு உடனே துடைக்காவிட்டால் மட்டும் உப்புக்கறை அப்படியே படிந்துவிடும்.

ஆனாலும் மைத்துனனிடம் வேண்டாம் என்றே சொல்லிவிட்டேன். அந்தக் காசில் பானெட்டுக்கும் முன் பம்பருக்கும் மட்டும் பிபிஎஃப் ஒட்டச் சொன்னேன். அவன் வேலை நுங்கம்பாக்கத்தில், ஜல்லி லாரி எங்கே வரப்போகிறது, அவனுக்குக் கோட்டிங்கே போதும் என்கிறாள் மனைவி. இருக்கலாம். பெயிண்ட் அடித்த பில் இன்னும் சட்டைப்பையிலேயே இருக்கிறது, இப்போதைக்கு என் வாயால் போடு என்று சொல்ல முடியாது.