டிஎம்எஸ்ஸா, ஸ்ப்ரவாட்டோவா?

டிப்ரஷனுக்கு (மனச்சோர்வு நோய்) ரெண்டு ஆன்டிடிப்ரஸன்ட் மாத்திரை மாத்திப் பாத்தும் கேக்கலன்னா அமெரிக்கால இந்த ரெண்டு சிகிச்சையோட பேரும் கண்டிப்பா காதுல விழும்.

டிஎம்எஸ்னா காந்தத் துடிப்பால மூளையத் தூண்டுற சிகிச்சை, இதுக்கு அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ 2008லயே ஓகே சொல்லிடுச்சு. மயக்க மருந்து கிடையாது, சேர்ல உக்கார வச்சு தலைல காந்தக் காயில் வைப்பாங்க, மரங்கொத்தி மாதிரி டக் டக்னு தட்டும், தலைவலி வரலாம், முடிஞ்சதும் நீங்களே வண்டி ஓட்டிட்டு ஆபீஸ் போயிடலாம். ஆனா வாரம் 5 நாள், 4-6 வாரம் அலையணும், அதான் கொடுமை.

ஸ்ப்ரவாட்டோ 2019ல வந்த, எஸ்கெட்டமின்ங்கிற மருந்தோட மூக்கு ஸ்ப்ரே. சிலருக்கு ஒரே நாள்ல வித்தியாசம் தெரியும். ஆனா வீட்டுக்குக் குடுத்தனுப்ப மாட்டாங்க, கிளினிக்லயே அடிச்சுட்டு 2 மணி நேரம் உக்காரணும், பிபி ஏறும், உடம்ப விட்டு மிதக்குற மாதிரி இருக்கும், மறுநாள் வரைக்கும் வண்டி தொடக்கூடாது. பிபி தொல்லை இருக்கு, கூட்டிட்டுப் போக ஆளும் இல்லன்னா என் ஓட்டு டிஎம்எஸ்ஸுக்குத்தான், தலைக்குள்ள மெட்டல் கிளிப் எதுவும் இல்லாத வரைக்கும்.