பாதி விலையில் ஒரு குடியரசு: நான்கு ஆண்டுகள் ஆடிய பின்

நான் நான்கு ஆண்டுகளாக ஆடிவரும் வரலாற்று வியூகக் கணினி விளையாட்டு ஒன்றின் விலை பாதியாகக் குறைந்திருக்கிறது, வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். தயங்காமல் வாங்குங்கள் என்று காலையில் சொல்லிவிட்டேன். அன்று இரவு, சேமித்து வைத்திருந்த ஆட்டத்தைத் திறந்து இரண்டு மணி நேரம் ஆடிய பிறகு, அவருக்கு இன்னும் விரிவான பதில் சொல்லக் கடமைப்பட்டிருப்பதாக உணர்ந்தேன். வரைபடம், படைகள், வணிக வழிகள் பற்றியெல்லாம் பலரும் எழுதியிருக்கிறார்கள். நான் சொல்ல வருவது, ஆட்டத்தில் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை திறக்கும் தேர்தல் திரையைப் பற்றி மட்டும்.

நான் எப்போதும் வெனிஸ் குடியரசாகவே ஆடுபவன். முதல் ஆட்டத்தில் வெனிஸிலிருந்து தொடங்கி, மிலானையும் ஃபுளோரன்ஸையும் சேர்த்துக்கொண்டு, 1612இல் இத்தாலியக் குடியரசை அறிவித்தேன். உண்மையான வரலாற்றில் 1797 மே 12 அன்று, நெப்போலியனின் படை வாசலில் நிற்கும்போது, வெனிஸின் பெருமன்றம் வாக்கெடுத்துத் தன்னையே கலைத்துக்கொண்டது. லுடோவிகோ மானின் கடைசி டோஜேயாக, அதாவது வெனிஸ் குடியரசின் கடைசித் தலைவராக, பதவி இழந்தார். என் ஆட்டத்தில் அந்தத் தேதி வந்தபோது கடிகாரத்தை நிறுத்தி வைத்துவிட்டு, திரையின் மூலையில் சிங்கக் கொடி இன்னும் பறப்பதைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறெந்த விளையாட்டும் எனக்கு அப்படி ஒரு மாலையைத் தந்ததில்லை. 1612 முதல் அந்த நாள் வரை குடியரசின் தலைவராக இருந்த 31 பேரையும் ஒரு நோட்டில் வரிசையாக எழுதி வைத்திருக்கிறேன்.

தேர்தல் திரையில் மூன்று வேட்பாளர்கள் வருவார்கள். ஒருவர் நிர்வாகத்தில் வல்லவர், ஒருவர் இராஜதந்திரத்தில், ஒருவர் போரில். நான்காவதாக ஒரு பொத்தான் இருக்கும்: பதவியில் இருப்பவரையே மீண்டும் தேர்ந்தெடுப்பது. அதை அழுத்தினால் அவருடைய மூன்று திறன்களும் ஒவ்வொரு புள்ளி உயரும். ஆனால் குடியரசு மரபு என்ற அளவு குறையும். மரபு மிகவும் தேய்ந்தால் தலைவர் பதவியைப் பரம்பரையாக்கிக்கொள்வார். 1658இல் எனக்கு அதுதான் நடந்தது. திறமைசாலியான ஒருவரை நான்கு முறை தொடர்ந்து வைத்திருந்தேன். ஐந்தாம் முறை பொத்தானை அழுத்தியதும் கொடி மாறியது, தேர்தல் திரை காணாமல் போனது, தலைவரின் படத்துக்குப் பக்கத்தில் வாரிசின் படம் முளைத்தது. குடியரசை மீட்க ஆட்டக் கணக்கில் 22 ஆண்டுகள் ஆயின. தவறு என்னுடையது என்பதை விளையாட்டு அவ்வளவு நேர்மையாகக் காட்டியதால், அந்தத் தோல்விதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதியாக இருந்தது.

மூன்று மாதங்களுக்கு முன் வந்த புதுப்பிப்பு இதைக் கெடுத்துவிட்டது. மறுதேர்வால் ஏற்படும் மரபு இழப்பைக் குறைத்து, மரபு ஆண்டுதோறும் தானாக ஏறும் வேகத்தைக் கூட்டியிருக்கிறார்கள். புதிதாக ஆடுவோருக்கு எளிதாக இருக்கட்டும் என்பது காரணமாம். இப்போது ஒரு தலைவரை ஏழு முறை தேர்ந்தெடுத்தாலும் எதுவும் ஆவதில்லை. என் இரண்டாவது ஆட்டத்தில் 1604இல் குடியரசை அறிவித்து இப்போது 1703இல் இருக்கிறேன். நோட்டில் ஐந்தே பெயர்கள். ஐவரும் கடைசியில் ஒரே மாதிரி எல்லாத் திறனும் நிறைந்த மகா மேதைகளாகிவிடுகிறார்கள். இதற்குக் குடியரசு என்று பெயர் வைப்பானேன்?

இத்தாலிய நகரங்களின் குடியரசுகளைப் பற்றிப் படித்தவர்களுக்கு இது ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்று புரியும். நல்ல தலைவரைக் கண்டுபிடிப்பதைவிட, யாரும் தலைக்கு மேல் வளராமல் பார்த்துக்கொள்வதிலேயே அவர்கள் அதிகம் உழைத்தார்கள். ஃபுளோரன்ஸில் கொன்ஃபலோனியேரே என்ற தலைமைப் பதவிக்குரியவரின் பெயரைப் பையிலிருந்து சீட்டாக எடுத்தார்கள், பதவிக்காலம் இரண்டே மாதம். 1528க்குப் பிறகு ஜெனோவாவின் டோஜேக்கு இரண்டு ஆண்டு. சான் மரீனோவில் இன்றைக்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு தலைவர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இறங்கியவர் மூன்று ஆண்டுகள் கழியும் வரை மறுபடி வர முடியாது. வெனிஸின் டோஜே மட்டும் ஆயுள் முழுவதும் இருந்தார். அதற்கு ஈடாக அவரைக் கட்டிப்போட்டார்கள்: அந்நிய அரசுகளின் கடிதத்தை ஆலோசகர்கள் இல்லாமல் தனியாகப் பிரிக்கக் கூடாது, பதவியேற்கும்போதே நீண்ட உறுதிமொழி, இறந்த பிறகு நடத்தையை ஆராய மூன்று விசாரணையாளர்கள். 1355இல் மரீனோ ஃபலியேரோ தனியாட்சிக்குச் சதி செய்தபோது தலையை வெட்டினார்கள். டோஜேக்களின் படவரிசையில் அவர் முகம் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புத் திரை ஒன்று வரையப்பட்டிருக்கிறது.

டோஜேயைத் தேர்ந்தெடுத்த விதமோ இன்னும் அழகானது. 1268இல் வகுத்த முறைப்படி, பெருமன்றத்திலிருந்து சீட்டில் முப்பது பேர், அவர்களில் சீட்டில் ஒன்பது பேர், அந்த ஒன்பது பேர் நாற்பது பேரைத் தேர்வார்கள், நாற்பது சீட்டில் பன்னிரண்டாகும், பன்னிருவர் இருபத்தைந்து பேரைத் தேர்வார்கள், அது மறுபடி ஒன்பதாகும், ஒன்பது பேர் நாற்பத்தைந்து பேரைத் தேர்வார்கள், அது பதினொன்றாகும், அந்தப் பதினொருவர் தேரும் நாற்பத்தொரு பேர்தான் டோஜேயைத் தேர்ந்தெடுப்பார்கள், குறைந்தது 25 வாக்குகள் வேண்டும். சீட்டெடுக்க, சான் மார்கோ தேவாலயத்திலிருந்து வெளியே வரும்போது எதிர்ப்படும் முதல் சிறுவனை அழைத்து வருவார்கள்.

புதுப்பிப்பு வந்த வாரம், இதை வீட்டிலேயே செய்து பார்க்க முடிவெடுத்தேன். திரையில் வந்த மூன்று வேட்பாளர்களுக்காக முப்பது துண்டுக் காகிதங்களில் குடும்பப் பெயர்களை எழுதிச் சுருட்டி, ஒரு சொம்பில் போட்டு, மூன்று சுற்றுகளாகச் சுருக்கிக்கொண்டேன். ஒன்பது வயது மகள் சீட்டெடுத்தாள். இரண்டாம் சுற்றில் கையை நிறுத்திவிட்டாள்.

“எடுத்தவங்களையே வெச்சுக்கலாம்ல? ஏன்ப்பா மறுபடியும் வேற ஆளுங்களை எழுதுறீங்க?”

“யாருக்குக் காசு கொடுத்தா ஜெயிக்கலாம்னு யாருக்குமே தெரியக் கூடாதும்மா, அதுக்குத்தான்.”

சிறிது நேரம் யோசித்துவிட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு அடுத்த சீட்டை எடுத்தாள். முக்கால் மணி நேரம் கழித்து, நான் திரையில் ஒருபோதும் தேர்ந்தெடுத்திருக்க மாட்டாத ஆள் வென்றார்: போர் மட்டும் தெரிந்தவர், மற்ற இரண்டிலும் ஒவ்வொரு புள்ளி. அடுத்த நான்கு ஆண்டுகள் கடனும் கலகமுமாகப் போயின. ஒவ்வொரு முடிவையும் யோசித்து எடுக்க வேண்டியிருந்தது. இரண்டாவது ஆட்டத்தில் நான் மனமொன்றி ஆடியது அந்த நான்கு ஆண்டுகள்தான்.

நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்கிறேன். மறுதேர்வு இத்தாலிக்கு முற்றிலும் அந்நியம் அல்ல. இன்றைய குடியரசின் தலைவருக்கு ஏழு ஆண்டுப் பதவிக்காலம். மறுதேர்வை அரசியலமைப்பு தடுக்கவில்லை. ஆனால் 1948இல் லூயிஜி ஐனாவுடி தேர்ந்தெடுக்கப்பட்டதிலிருந்து 2013 வரை எந்தத் தலைவரும் இரண்டாம் முறை வரவில்லை. 2013இல் ஐந்து சுற்று வாக்கெடுப்பிலும் நாடாளுமன்றம் உடன்பாட்டுக்கு வர முடியாமல் போன பிறகுதான் 87 வயது ஜோர்ஜோ நபோலித்தானோவிடம் போய்க் கெஞ்சினார்கள். 2022இல் செர்ஜோ மத்தரெல்லா குடிபோக வாடகை வீடுகூடப் பார்த்து வைத்திருந்தார். எட்டாம் சுற்றில் 759 வாக்குகளோடு அவரையே திரும்ப உட்கார வைத்தார்கள். இரண்டு முறையும் மறுதேர்வு என்பது வேறு யாரிடமும் ஒத்துப்போக முடியாதவர்களின் கடைசிப் புகலிடம். 1971இல் ஜொவான்னி லெயோனே 23ஆம் சுற்றில் வென்றாரே, அந்த இழுபறியின் ஒரு துளியாவது திரையில் வேண்டாமா? இந்த விளையாட்டில் மறுதேர்வு ஒரு பரிசு, அதுவும் இப்போது இலவசப் பரிசு.

குடும்பப் பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன என்று சிலர் குறைபடுகிறார்கள். அது எனக்குக் குறையாகத் தெரியவில்லை. உண்மையான வெனிஸிலும் கொன்தாரினி குடும்பம் மட்டும் எட்டு டோஜேக்களைத் தந்தது. இசையும், கப்பல்கள் துறைமுகம் திரும்பும் காட்சியும் நான்கு ஆண்டுகளாகியும் சலிக்கவில்லை. முடியரசாக ஆடுபவர்களுக்கு நான் சொல்லும் எந்தக் குறையும் கண்ணில் படவே படாது. வணிகப் பகுதி ஒன்றுக்காகவே முழு விலையும் கொடுக்கலாம்.

நண்பருக்கு என் திருத்திய பதில்: வாங்க வேண்டாம். பாதி விலைக்கும் வேண்டாம். நேற்று இரவு 1703 தேர்தலில் என் ஐந்தாம் தலைவரை எட்டாம் முறையாகத் தேர்ந்தெடுக்கச் சொல்லி அந்தப் பொத்தான் பச்சையாக ஒளிர்ந்தது. கீழே எச்சரிக்கை எதுவும் இல்லை. பழைய விதியைத் திருப்பிக் கொண்டுவந்தால் அன்றைக்கே தொலைபேசியில் அழைத்துச் சொல்கிறேன்.