கணினியைக் குளிர்விக்கும் கம்பிரசருக்கு எந்த வளைகுழாய்? மூன்றைப் பொருத்திப் பார்த்த பிறகு

பழைய ஜன்னல் ஏர்கோனிலிருந்து எடுத்த ஆர்-22 என்னும் குளிர்வாயுவுக்கான கம்பிரசர் ஒன்றை மேசைக்கடியில் வைத்து, புரோபேன் வாயுவைக் கொண்டு கணினியின் செயலியைக் குளிர்விக்கும் அமைப்பை கோலாலம்பூரின் செந்தூலில் உள்ள என் வீட்டில் கட்டினேன். கம்பிரசரையும், வாயுவின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சரையும் ஒரே நாளில் முடிவு செய்துவிட்டேன். செயலியின் மேல் அமர்ந்து அதைக் குளிரவைக்கும் எவாப்பரேட்டரிலிருந்து வாயுவைக் கம்பிரசருக்குத் திருப்பிக் கொண்டுவரும் ஒரு சிறு குழாய்தான் என்னைப் பல வாரங்கள் அலைக்கழித்தது.

செப்புக் குழாயே போதாதா என்று கேட்கலாம். கம்பிரசர் ஓயாமல் அதிர்கிறது. செயலியை மாற்றும்போதெல்லாம் எவாப்பரேட்டரைத் தூக்கி வைக்க வேண்டியிருக்கிறது. மென்செப்பு வளைக்க வளைக்க இறுகி, கடைசியில் கீறல் விடும். அந்த ஓரிடத்தில் மட்டுமாவது வளைகுழாய் இல்லாமல் முடியாது.

முதலில் பொருத்தியது ஏர்கோன் மெக்கானிக்குகள் வாயு நிரப்பப் பயன்படுத்தும் சார்ஜிங் ஹோஸ். கையில் இருந்தது என்பதைத் தவிர அதைத் தேர்ந்தெடுக்க வேறு காரணம் எனக்கு இல்லை. கால் அங்குல முனையுடைய அதன் உள்துளை மிகக் குறுகலானது; திரும்பி வரும் வாயு அதில் நெருக்கியடித்து வருவதால் அழுத்தம் வீணாகி, எவாப்பரேட்டர் எதிர்பார்த்த குளிரை எட்டவில்லை. முனையிலுள்ள ரப்பர் வாஷர் குளிரில் விறைத்துப்போனது இன்னும் மோசம். புரோபேன் கொதிப்பது மைனஸ் 42 டிகிரியில். அதற்கும் கீழே போனால் குழாய்க்குள் இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைந்துவிடும். அப்போது கசிவு வழியாக வாயு வெளியேறுவதற்குப் பதிலாக, நம் ஊர் ஈரக்காற்று உள்ளே புகுகிறது. அந்த ஈரம், எவாப்பரேட்டருக்குத் திரவத்தை அனுப்பும் மெல்லிய குழாயான கேப்பிலரியின் முனையில் பனிக்கட்டியாகி அடைத்துக்கொள்ள, பத்து நிமிடம் ஓடிய அமைப்பு நின்றுபோய், சற்று நேரத்தில் தானே மீண்டும் குளிரத் தொடங்கும். இந்தக் கண்ணாமூச்சிக்குக் காரணம் ஒரு வாஷர்தான் என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று.

அடுத்து டெஃப்லான் உள்பூச்சும் எவர்சில்வர் கம்பிப் பின்னலும் உள்ள குழாய். உள்சுவர் வழவழப்பாக இருப்பதால் எண்ணெய் தேங்காமல் கம்பிரசருக்குத் திரும்புகிறது. கையில் எடுத்தால் நன்றாகவும் வளைகிறது. ஆனால் குளிரில் டெஃப்லான் உலோகத்தைவிடப் பல மடங்கு சுருங்கும். நசுக்கிப் பொருத்திய முனைகள் சில முறை குளிர்ந்து சூடேறியதும் இளகிவிட்டன. சோப்பு நுரை தடவிப் பார்த்தபோது, குண்டூசித் தலை அளவுக் குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிதானமாக எழுந்தன. மிதமான குளிருக்கு இதைத் தாராளமாகப் பரிந்துரைப்பேன். என் தேவைக்கு ஒத்துவரவில்லை.

மூன்றாவதாக, புடுவில் குளிர்பதன உதிரிப் பாகங்கள் விற்கும் கடையில் வாங்கிய, முழுவதும் எவர்சில்வரால் ஆன நெளிகுழாய். உள்ளே ரப்பரும் இல்லை, பிளாஸ்டிக்கும் இல்லை. வாயு ஊடுருவ வழியே இல்லை. கம்பிரசர் நின்றிருக்கும்போது, 30 டிகிரி வெப்பத்தில் புரோபேனின் அழுத்தம் 10 பார் அளவுக்கு ஏறக்கூடும். அப்போது நெளிவுகள் துருத்தி போல் நீண்டுவிடாமல் இழுத்துப் பிடிப்பது மேலேயுள்ள பின்னல்தான். இங்கே ஓர் எச்சரிக்கை: ஹார்ட்வேர் கடையில் தண்ணீர்க் குழாய்க்கென்று விற்கும் பின்னல் குழாயும் பார்வைக்கு இதைப் போலவே இருக்கும், விலையும் மிக மலிவு. முனைக்குள் எட்டிப் பாருங்கள். கறுப்பு ரப்பர் தெரிந்தால் வைத்துவிடுங்கள். அதில் பெரும்பாலும் இருக்கும் ஈபிடிஎம் ரப்பர், புரோபேனிலும் கம்பிரசரின் மினரல் எண்ணெயிலும் ஊறி உப்பிவிடும்.

நெளிகுழாயிலும் குறைகள் உண்டு. சோற்றுத் தட்டின் விளிம்பைவிடக் கூர்மையாக அதை வளைக்க எனக்குத் துணிவு வரவில்லை. நெளிவுகளில் எண்ணெய் தங்கும். ஆகவே நடுவில் தொய்வு விடாமல், கம்பிரசரை நோக்கிச் சரிந்தே இறங்குமாறு கட்ட வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமானதை எங்கள் தாமானில் ஏர்கோன் வேலை செய்யும் அண்ணன் சொன்னார்: “தம்பி, எவ்வளவு வேணும்னாலும் வளை, ஆனா முறுக்கிறாதே.” நட்டை இறுக்கும்போது ஒரு ஸ்பேனர் நட்டைத் திருப்ப, இன்னொரு ஸ்பேனர் குழாய் முனையை அசையாமல் பிடித்திருக்க வேண்டும். இல்லையென்றால் முறுக்கு நெளிவுகளில் ஏறி, பின்னலுக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வெடிப்பு விழும்.

செப்போடு இணைக்க ஏர்கோன்காரர்கள் வழக்கமாக வைத்திருக்கும் பாஸ்பரஸ் கலந்த, உருக்கி ஒட்டும் கம்பி உதவாது. எவர்சில்வரோடு சேரும்போது அந்த ஒட்டு நொறுங்கும் தன்மை கொண்டுவிடும். வெள்ளி கலந்த கம்பியும் ஃப்ளக்ஸும்தான் சரி. வாயுவை முழுவதுமாக வெளியேற்றிய பிறகே, திறந்தவெளியில், நெருப்பைப் பக்கத்தில் கொண்டுவர வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கோலாலம்பூரின் ஈரப்பதத்தில் 24 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எதுவும் வியர்த்துவிடும் என்பதால், 19 மில்லிமீட்டர் ஆர்மாஃப்ளெக்ஸ் என்னும் நுரைரப்பர் உறையைக் குழாய் நெடுகப் போட்டு, இணைப்புகளைப் பசையால் மூடினேன். மூடாமல் விட்ட விரலகல இடைவெளியில் மறுநாள் காலை நெல்லிக்காய் அளவுக்குப் பனி கட்டியிருந்தது, அதன் கீழே மதர்போர்டு.

நெளிகுழாய் பொருத்தி மூன்று மாதமாகிறது. கசிவில்லை, வாயு வேகமாக ஓடும்போது மெல்லிய சீழ்க்கை மட்டும் கேட்கிறது. கடைத் தவுக்கே (முதலாளி) ஒரு மீட்டர் எடுக்கச் சொன்னார். நான் காசு மிச்சம் பிடித்து 80 சென்டிமீட்டர் வாங்கினேன். இப்போது செயலியைத் தொட வேண்டுமென்றால், கம்பிரசரையும் சேர்த்தே பலகை மேல் ஏற்றி வைக்க வேண்டியிருக்கிறது.