பழி பேட்டரி மேல்: பழைய காரோடு ஒன்பது வருடம், மல்டிமீட்டரோடு ஏழு வருடம்

சாவியைத் திருப்பினால் ‘டக்’. அவ்வளவுதான். டேஷ்போர்டில் எல்லா விளக்கும் எரிகிறது, ஹாரன் தெருவையே எழுப்புகிறது, செல்ஃப் மட்டும் எடுக்கவில்லை. 2024 ஆகஸ்டில் மூன்று வாரம் எங்கள் வீட்டில் காலை இப்படித்தான் விடிந்தது.

வண்டி 2014 மாடல், சின்ன பெட்ரோல் கார். 2016-ல் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். வீடு தூத்துக்குடியில், கடலுக்குப் பக்கம். உப்புக்காற்று இரும்பை என்ன செய்யும் என்பதை எங்கள் கேட்டின் கீலே சொல்லும். வோல்ட், ஆம்பியர், தடை எல்லாம் அளக்கும் மல்டிமீட்டர் 2018-ல் வந்தது, 650 ரூபாய். வாங்கவைத்தது முதல் பேட்டரியின் சாவு. அது நியாயமான சாவுதான், நாலு வருடம் உழைத்திருந்தது. ராத்திரி முழுக்கச் சும்மா நின்ற வண்டியில் காலையில் அளந்தால் 12.6 வோல்ட் இருக்க வேண்டும். 12.2 என்றால் பாதிதான் மிச்சம். எனக்கு 11.7 காட்டியது. புதுசு போட்டேன், முடிந்தது.

இரண்டாவது தொல்லை 2021 மே ஊரடங்கில். நாலைந்து நாள் எடுக்காமல் விட்டால் வண்டி செத்துக் கிடக்கும். சார்ஜ் ஏற்றினால் ஓடும், மறுபடி சாகும். பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, நடுவில் மீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்து, கதவெல்லாம் பூட்டி அரை மணி நேரம் காத்திருந்தேன். பூட்டியவுடனே பார்த்தால் அதிகமாகத்தான் காட்டும். உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர்கள் தூங்கப்போக நேரம் எடுக்கும். தூங்கிய பிறகு 0.05 ஆம்பியருக்குள் இருந்தால் கவலையில்லை. எனக்கு 0.38-லேயே நின்றது. என் பேட்டரி 35 ஆம்பியர்-ஹவர். கணக்குப் போட்டால் நாலு நாளில் காலி. வண்டியின் நடவடிக்கையும் அச்சாக அப்படியே இருந்தது. ஃப்யூஸ் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தேன், முள் அசையவில்லை. (டிஜிட்டல் மீட்டருக்கு ஏது முள்? பழக்க தோஷம்.) கடைசியில் பார்த்தால், முந்தைய ஓனர் வைத்த ஆம்ப்ளிஃபயருக்கு ஃப்யூஸ் பாக்ஸையே தொடாமல் பேட்டரியிலிருந்து நேராக ஒரு ஒயர் போயிருந்தது. அதை வெட்டியதும் 0.02. எனக்குப் பாட்டு சத்தமாகக் கேட்கும் வழக்கமும் இல்லை.

இதே சோதனையில்தான் ஒரு முட்டாள்தனமும் செய்தேன். மீட்டர் நடுவில் இருக்கும்போதே பழக்கத்தில் சாவியைத் திருப்பிவிட்டேன். மீட்டருக்குள் இருந்த ஃப்யூஸ் போய்விட்டது. செல்ஃப் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும், அந்தப் பத்து ஆம்பியர் ஃப்யூஸ் என்ன செய்யும் பாவம்.

இனி ஆகஸ்ட் கதைக்கு வருகிறேன். முதலில் பார்த்த எலக்ட்ரீசியன் பானட்டைத் திறந்ததுமே, “பேட்டரி செத்துட்டு அண்ணாச்சி, மாத்திருவோம்” என்றார். ஓய்வில் 12.6 காட்டுகிறதே என்றேன். “வோல்ட் இருக்கும், தள்ளு இருக்காது” என்றார். அவர் சொன்னதும் தப்பில்லை, அப்படியும் நடக்கும். 4,600 ரூபாய்க்குப் புதுசு வந்தது. இரண்டு நாள் நன்றாக எடுத்தது, மூன்றாம் நாள் ‘டக்’. அடுத்தவர் செல்ஃபைக் கழற்றி கார்பன் பிரஷ், புஷ் எல்லாம் மாற்றினார், 2,800. ஒரு வாரம் தாங்கியது. வேலை செய்யும்போது இருவருமே ஒயர்களை அங்கே இங்கே அசைத்திருப்பார்கள், அதனால் வந்த இரண்டு நாளும் ஒரு வாரமும்தான் அது என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

ஒரு நாள் விடியற்காலை இருட்டில் ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு செல்ஃப் அடித்தேன். எதிர்ச் சுவரில் வெளிச்சம் பெரிதாக மங்கவில்லை. பேட்டரி சோடை என்றாலோ, செல்ஃப் இறுகிப்போயிருந்தாலோ வெளிச்சம் படுத்துவிடும். அப்படிப் படுக்கவில்லையென்றால் செல்ஃபுக்கு மின்சாரம் போதுமான அளவு போகவே இல்லை, வழியில் எங்கோ அடைப்பு.

ஃப்யூயல் பம்ப் ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டேன், என்ஜின் ஸ்டார்ட் ஆகாமல் சாவியைப் பிடித்திருக்கலாம். கியர் நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் போட்டாயிற்று. மனைவி சாவியைத் திருப்ப, நான் அளந்தேன். பேட்டரியின் இரண்டு முனைக்கும் நடுவில் 11.4 வோல்ட், பத்துக்குக் கீழே இறங்கினால்தான் பேட்டரியைக் குறை சொல்ல வேண்டும். அடுத்து ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் இன்னொன்றை கியர்பாக்ஸ் இரும்பிலும் வைத்தேன். செல்ஃப் அடிக்கும்போது இங்கே 0.2, 0.3-க்கு மேல் வரவே கூடாது. எனக்கு வந்தது 4.1. அதாவது எர்த் வழியிலேயே, கரன்ட் பேட்டரிக்குத் திரும்பும் பாதையிலேயே, நாலு வோல்ட் தொலைகிறது, செல்ஃபுக்கு ஏழுதான் மிச்சம். நெகட்டிவுக்கும் பாடிக்கும் நடுவில் அளந்தால் 0.05, சுத்தம். ஆக, குற்றவாளி பாடிக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில்.

ஜம்பர் கேபிளில் ஒன்றை எடுத்து நெகட்டிவிலிருந்து கியர்பாக்ஸுக்கு நேராகப் போட்டு, ஃப்யூஸைத் திரும்பச் செருகி, சாவியைத் திருப்பச் சொன்னேன். ஒரே சுற்றில் பிடித்துக்கொண்டது. மனைவி சிரித்த சிரிப்பில் 7,400 ரூபாய் தெரிந்தது.

பேட்டரி தட்டுக்கு அடியில், கியர்பாக்ஸையும் பாடியையும் இணைக்கும் பின்னல் பட்டை ஒன்று, பாடியில் போல்ட் போட்டு நிற்கும். மேலே பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கழற்றினால் போல்ட்டுக்கு அடியில் பச்சையும் துருவும் பொருக்காக வந்தன. 2023 டிசம்பர் 17, 18 மழையில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அப்போது எங்கள் தெருவிலும் வண்டி டயர் மூழ்க இரண்டு நாள் நின்றது. என்ஜினுக்குள் தண்ணீர் போகவில்லை என்று சந்தோஷப்பட்டிருந்தோம். எட்டு மாதம் கழித்து வந்து நின்றது அதன் பாக்கி.

இதில் மீட்டரின் ‘பீப்’ சோதனையை (ஒயர் அறுபடாமல் இருந்தால் சத்தம் போடும்) நம்பியிருந்தால் ஏமாந்திருப்பேன். அந்தப் பட்டையில் பீப் அழகாகக் கேட்டது. தடை வெறும் 0.04 ஓம், மீட்டர் ஒயர்களுக்கே அதைவிட அதிகத் தடை உண்டு, எப்படித் தெரியும்? ஆனால் நூறு ஆம்பியர் ஓடும்போது அந்த 0.04 நாலு வோல்ட்டை விழுங்கிவிடும். புதுப் பட்டை 180 ரூபாய். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் பூசினேன். இப்போது 0.15.

மீட்டர் கைவிட்டதும் உண்டு. எட்டயபுரம் தாண்டி டீ குடிக்க நிறுத்திய இடத்தில், செல்ஃப் நன்றாகச் சுற்றியும் என்ஜின் பிடிக்கவில்லை. முக்கால் மணி நேரம் ஆறியதும் எதுவுமே நடக்காதது போலப் பிடித்தது. ஆறிய பிறகு எதை அளந்தாலும் எல்லாம் சரி. காரின் கம்ப்யூட்டரில் பதிவாகும் கோளாறைப் படிக்கும் ஓபிடி கருவி ஒன்று வாங்கி, அடுத்த முறை சூட்டிலேயே மாட்டினேன்: செல்ஃப் சுற்றும்போது ஆர்பிஎம் பூஜ்யம், கோளாறு எண் பி0335. என்ஜின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சார்தான் குற்றவாளி.

மீட்டரில் எனக்குள்ள குறை, எண் மெதுவாக மாறுவது. செல்ஃப் அடிக்கும் ஒரு நொடியில் வோல்ட் எவ்வளவு கீழே போனது என்று பிடிக்க முடியாது. குறைந்தபட்ச அளவை நினைவில் வைக்கும் பொத்தான் உள்ளதாக வாங்கியிருக்கலாம். ஒயரைக் கழற்றாமல் சுற்றிப் பிடித்தே கரன்ட் அளக்கும் கிளாம்ப் மீட்டரும் ஒன்று வாங்கி ஏமாந்தேன், வீட்டுக்கு வந்த பிறகுதான் அது ஏசி கரன்ட் மட்டும் அளப்பது என்று தெரிந்தது. காருக்கு டிசி அளப்பது வேண்டும், விலை கூடுதல்.

ஆகஸ்டில் ‘செத்த’ பேட்டரியை ஏதோ சந்தேகத்தில் எக்ஸ்சேஞ்சில் கொடுக்காமல் வீட்டுக்கே கொண்டுவந்திருந்தேன். அது இப்போது மச்சான் காரில் ஓடுகிறது. இதுவரை அவன் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.