மொட்டை மாடிக்கு மண் தொட்டியா, குரோ பேக்கா?

இரண்டிலும் வளர்த்துப் பார்த்துவிட்டேன், நேராகவே சொல்கிறேன்: தக்காளி, கத்தரி, மிளகாய்க்கு குரோ பேக் (செடி வளர்க்கும் பிளாஸ்டிக் பை), மல்லிகைக்கும் துளசிக்கும் மண் தொட்டி.

குரோ பேக்கின் பெரிய பலம் எடைதான். செம்மண், தென்னைநார்க் கழிவு, மண்புழு உரம் மூன்றையும் சம அளவில் கலந்து நிரப்பினால் ஓர் அடி உயரப் பையை நானே நிழலுக்கு நகர்த்த முடிகிறது, தளத்துக்கும் பாரம் குறைவு. மண் தொட்டியை அப்படி நகர்த்தப் போய், போன ஐப்பசியில் ஒன்று உடைந்து, மொட்டு விட்டிருந்த குண்டுமல்லி வேரோடு சாய்ந்தது. அன்று எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

ஆனால் அக்னி நட்சத்திரம் வந்தால் கதை மாறும். சுட்ட மண்ணின் நுண்துளைகள் வழியாக நீர் கசிந்து ஆவியாகும், பானைத் தண்ணீர் குளிர்வது போலத்தான், அதனால் வேர் அவ்வளவாகச் சூடாகாது. பிளாஸ்டிக் பையோ மதியம் தொட்டாலே சுடும். கருப்புப் பையில் வைத்த நான்கு தக்காளிச் செடிகளும் ஒரே வாரத்தில் பூவை உதிர்த்துவிட்டன. வெள்ளைப் பைக்கு மாறி, மேலே காய்ந்த சருகால் மூடாக்கு போட்ட பிறகுதான் சரியானது. அதே சமயம் மண் தொட்டி சீக்கிரம் காயும், கோடையில் இருவேளையும் தண்ணீர் ஊற்ற வேண்டும், அடிக்கடி ஊருக்குப் போகிறவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

மாவுப்பூச்சி இரண்டையும் விடாது. 1 லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து மாலையில் தெளியுங்கள்.

அப்புறம், அந்த வெள்ளைப் பைகளில் மறுபடி நட்டு, தை மாதம் முதல் தக்காளியைப் பறித்து ரசம் வைத்தோம். வீடு முழுக்க அதே வாசனை.